கொடுத்து வைத்தவள்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அப்பத்தாவைப் பார்க்க எதிர்வீட்டு ஆன்ட்டி வந்திருந்தார். கையில் நாலு ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ஹாலில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இருங்க ஆன்ட்டி, ரெண்டு தோசை சாப்பிட்டுப் போங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பி, "நீ கொடுத்து வச்சவம்மா" என்றார். மனசாரச் சொன்னார். அவர் முகத்தில் வாழ்த்தும் இருந்தது, ஒரு சின்ன ஏக்கமும் இருந்தது. மனைவி சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த தோசையை இன்னும் கொஞ்சம் முறுகலாகவே எடுத்தேன்.

ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போடும்போது அவள் கேட்டாள். "நீ ஒரு ஞாயித்துக்கிழமை தோசை சுட்டதுக்கு எனக்குப் பட்டம் கிடைக்குது. நான் பத்து வருஷமா சுடுறேனே, அதுக்கு உன்னை யாராவது கொடுத்து வச்சவன்னு சொல்லியிருக்காங்களா?" சண்டைக்குக் கேட்கவில்லை. மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே, விளக்கை அணைக்கலாமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நல்ல பெண்டாட்டி வாய்த்தவனையும் ஊரில் கொடுத்து வைத்தவன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் தோசைக்காக யாரும் சொன்னதில்லை. தோசை அவனுக்கு வரவேண்டியது. அவளுக்கு அது வந்தால் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னை விடவில்லை. கொடுத்து வைத்தவள். எப்போது கொடுத்தாள், யாரிடம் கொடுத்தாள், எதைக் கொடுத்தாள்? போன ஜென்மத்தில் செய்த தான தர்மம் இந்த ஜென்மத்தில் வட்டியோடு திரும்புகிறது என்ற கணக்கு அதன் அடியில் இருக்கிறது. பேசும்போது யாரும் அதை நினைப்பதில்லைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அதை நினைக்கிற ஆள் ஒருவர் ஹாலில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் ஜென்மம், மறு ஜென்மம் எதுவும் கிடையாது என்று மேடை போட்டுச் சொன்ன வீட்டுக்கு மருமகளாய் வந்தவர் என் அப்பத்தா. மறுநாள் மத்தியானம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது, மல்லாந்து படுத்தபடியே சொன்னார்: "அந்தப் பொம்பள சொன்னது தப்புய்யா. போன ஜென்மத்துல ஒண்ணும் குடுத்து வைக்கல. எல்லாரும் இந்த ஜென்மத்துலதான் குடுத்துக்கிட்டு இருக்கோம்."

மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடங்களில்தான், அடுத்தடுத்த நாட்களில், அவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மூணு நிமிஷம்

அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் கல்யாணம் நடந்தது 1961-ல், அருப்புக்கோட்டையில், தெருவில் பந்தல் போட்டு. சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாலி இல்லை. வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தார்கள். தாத்தாவுக்கு அதில் ஊர்ப்பெருமையும் சேர்ந்துகொண்டது. 1928 மே மாதம் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் சுக்கிலநத்தம், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்தான். "நம்ம பக்கத்துலதான்டா ஆரம்பிச்சது" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பங்காளிகளில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சில பேர் சாப்பிடவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்து பிழைக்கிற 24 வயசு ஆளுக்கு அது பெரிய துணிச்சல். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

மைக்கில் தலைவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். மாப்பிள்ளையும் பெண்ணும் பேசியது மூன்று நிமிடம். அட்டையில் எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். இந்த ஊரில் இருக்கும் இன்னார் மகளாகிய நான், இன்னாரை என் வாழ்க்கைத் துணைவராக ஏற்றுக்கொள்கிறேன், இன்பத்திலும் துன்பத்திலும் சமபங்கு ஏற்று நண்பர்களாய் வாழ்வோம் என்று போகும் அந்த உறுதிமொழி. 'இன்னார்' என்ற இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பதினெட்டு வயசுப் பெண், ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்க அந்தப் பெயரைச் சொன்னாள். "நாக்கு ஒட்டிக்கிருச்சு. ஆனா சொன்னேன். எங்கம்மா பந்தலுக்கு வெளிய நின்னு காதைப் பொத்திக்கிட்டா" என்றார். அப்புறம்? அப்புறம் ஒருமுறைகூடச் சொன்னதில்லையாம். அவரும் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தறி ஓடும்போது ஊடைக்கான தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய குச்சி, தீர்ந்துபோனால் குழியிலிருந்தே "தாரு…" என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டில் அப்பத்தாவின் பெயர் அதுதான். தாரு.

கைத்தறி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தறியில் உட்காருவது ஒருவர், ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவது இன்னொருவர். தார் இல்லாவிட்டால், குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு போகிற நாடா ஓடாது. ஆனால் கூலி சேலைக்குத்தான், அது நெய்தவர் கைக்குத்தான் போகும். சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கூலி வாங்கி வருவது தாத்தா. காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, அப்புறம் ராட்டையில் உட்கார்ந்து, இடையில் எழுந்து உலையைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்து சுற்றிய நூலுக்குத் தனிக் கூலி என்று ஒன்று கிடையாது. அப்பத்தாவின் வலது உள்ளங்கையில் ராட்டைக் கைப்பிடி பட்ட காய்ப்பு இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கையைப் பிடித்து நடத்தி வந்தபோது அது என் விரலில் உரசியது. தறியை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தாத்தா சமத்துவம் பேசி ஏமாற்றியவர் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். கை நீட்டியதில்லை. அத்தையை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். அந்தத் தெருவில் அதுவே அதிசயம். கூலிப் பணத்தை அப்பத்தா கையில்தான் கொடுப்பார். சம்பிரதாயம், சாதி, ஜோசியம் என்று வெளியே எதையெல்லாம் எதிர்க்க வேண்டுமோ அதையெல்லாம் எதிர்த்தார். வீட்டுக்குள்ளும் எதிர்க்க ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நானும் அவரை இத்தனை வருஷம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். மேடையில் துணிச்சல்காரர், வீட்டில் பழைய ஆள். ஆனால் அப்பத்தா நாலாவது நாள் சொன்னது அந்தப் புரிதலையே கலைத்துப் போட்டது. மேடையில் காட்டிய துணிச்சலிலேயே ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

அப்ப இத்தன நாளா நான் யாரு?

1961-ல் அந்தக் கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை. 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளோடு நடந்தால்தான் திருமணம் என்றது. அதெல்லாம் தெரிந்தேதான் இயக்கத்துக்காரர்கள் கல்யாணம் செய்தார்கள். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா கொண்டுவந்த திருத்தம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 1968 ஜனவரியில் சட்டமானது. 7-ஏ பிரிவு. உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். நம்மில் பல பேருக்கு இது பெருமையான வரலாறு. நானும் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

நான் ஒருமுறைகூட யோசிக்காதது, இடைப்பட்ட அந்த ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் தாத்தா தாத்தாவாகத்தான் இருந்தார். அவருக்கு எந்தக் குறையும் இல்லை. நாளைக்கே அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், பங்காளிகள் வழக்குப் போட்டிருந்தால், கோர்ட்டில் அப்பத்தா யார்? கூட இருந்தவள். 1963-ல் பிறந்த என் அப்பா யார்? அதை என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அப்பாவைப் பெற்றெடுக்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, பேறுகாலப் படுக்கையில் வலியோடு கிடக்கிற பெண்ணின் வெறும் கழுத்தைப் பார்த்து ஆயா கேட்டாளாம், "யாரு வீட்டுப் புள்ளடி?" என்று. அப்பத்தா அந்த 'டி'யை இன்னும் மறக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு அப்புறமும், கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது.

"உங்க தாத்தா தாலி வேணாம்னாரு. நானும் சரின்னேன். எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா ஊரு பூரா என் கழுத்தைத்தானய்யா பாத்துச்சு. அவரு கழுத்தை எவன் பாத்தான்?"

இதைக் கேட்ட நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் இரண்டரை மணி. தெருவில் பழைய பேப்பர்க்காரர் போய்க்கொண்டிருந்தார். கையில் மருந்துக் குப்பியின் மூடி. துணிச்சல் தாத்தாவுடையது, கழுத்து அப்பத்தாவுடையது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதையில் பணயமாக வைக்கப்பட்டிருந்தது யார் என்பதை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைகள் கேட்கவில்லை, பேரன் கேட்கவில்லை, பரிசு வாங்கிய பேச்சிலும் அது இல்லை.

சட்டம் வந்த செய்தியைத் தாத்தா பத்திரிகையோடு ஓடிவந்து சொன்னாராம். தறிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவர் மிட்டாய் வாங்கி வந்தார். "இனிமே நாம சட்டப்படி புருஷன் பொஞ்சாதி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ராட்டையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா நிமிர்ந்து கேட்டாராம்: "அப்ப இத்தன நாளா நான் யாரு?"

தாத்தாவிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். அன்றைக்கு முழுக்க 'தாரு' என்று கூப்பிடவே இல்லையாம். தார் தீர்ந்தபோது அவரே எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போனார். "அந்த ஒரு நா மட்டும்" என்று சொல்லி அப்பத்தா சிரித்தார். சிரித்தால் மருந்து வழியும், சும்மா படுங்கள் என்றேன்.

சத்தம் வராமல் துவைத்தவர்

அப்பாவின் கதை இவ்வளவு பெரியது இல்லை. அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. மதுரையில் தபால் ஆபீஸ் வேலை. அம்மா உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, விரும்பிய வேலைக்குப் போகும் உரிமை என்றெல்லாம் தீர்மானம் போட்டது. இரண்டு தலைமுறை கழித்து எங்கள் வீட்டில் அது சம்பளக் கவராக வந்தது. இரண்டு சம்பளம், ஒரு குடும்பம். ஆனால் எட்டு வீடுகள் இருந்த காம்பவுண்டு அது. பொதுக் குழாய், பொதுக் கொடி, பொதுக் கண்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும். விடியுமுன் ஒன்றுக்குப் போக எழுந்தேன். குளியலறையில் விளக்கு எரியவில்லை, ஆனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். தெருவிளக்கின் வெளிச்சம் மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அம்மாவின் சேலையைத் துவைத்துக்கொண்டிருந்தார். அடித்துத் துவைக்கவில்லை. கசக்குகிறார், பிழிகிறார், தண்ணீரையும் சொம்பிலிருந்து சுவரோரமாகச் சரித்து ஊற்றுகிறார். ஒரு சத்தம் வெளியே போகவில்லை. என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தார். ஆறு மணிக்கு அம்மா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய், எட்டு வீடும் பார்க்க, தானே துவைத்ததுபோல உதறி உதறிக் கொடியில் போட்டாள். எனக்கு அது அவர்கள் இரண்டு பேரும் விளையாடுகிற ஒரு ரகசிய விளையாட்டு மாதிரி தெரிந்தது. வளர்ந்தபின் வேறு மாதிரி தெரிந்தது. துவைக்கத் தயார், பிறர் பார்க்க மட்டும் வெட்கம். அப்பாவைப் பற்றி என் கல்லூரிக் காலத் தீர்ப்பு அதுதான்.

அப்பத்தாவின் கதையைக் கேட்ட வாரம் அப்பாவுக்குப் போன் போட்டு, ஏன் விளக்குக்கூடப் போடாமல் துவைத்தீர்கள் என்று கேட்டேன். முதலில் "அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்றார். அப்புறம் சொன்னார். "பாத்தா என்னை என்ன சொல்லியிருப்பாங்க? பாவம் மனுசன்னு சொல்லியிருப்பாங்க. உங்கம்மாவைத்தான் பேசியிருப்பாங்க. புருஷனைத் துவைக்க விட்டுட்டுச் சேலை கட்டிக்கிட்டு வேலைக்குப் போறவன்னு. அவ அந்தக் குழாயடிக்குத்தானே தினமும் தண்ணி பிடிக்கப் போகணும்?" முப்பது வருஷம் அவரைத் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அப்பா இப்படிச் சொல்கிறாரே, தெரியுமா என்றேன்.

"அப்படியா சொன்னார்?" என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "பேசினா பேசட்டும்னுதான் நான் சொன்னேன். அவர் கேட்கல. ஸ்கூலுக்கு நேரமாகும்போது ஈரத்துணி வாளியைத் தூக்கிட்டுப் போய், துவைக்காத துணியைத் துவைச்ச மாதிரி நின்னு காயப்போடணும். எத்தனையோ நாள், இதுக்கு நானே துவைச்சுத் தொலைச்சிருக்கலாம்னு நெனைச்சிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது. அவளுக்கு எது பாதுகாப்பு என்பதையும் அவரே முடிவு செய்திருக்கிறார். அன்போடுதான் செய்தார். இரண்டும் உண்மை, இதில் எதையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

யார் கணக்கில்

இப்போது எங்கள் வீடு. நான் சமைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், பால்கனியில் நின்று துணி காயப்போடுகிறேன். யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பாராட்டுகிறார்கள். அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கோபம் வந்தால் 'டா'வும் சேரும். அப்பத்தா வந்து தங்கியதும் தானாகவே 'என்னங்க' ஆகிவிட்டது. மூன்றாவது நாளே அப்பத்தா கண்டுபிடித்து, "எனக்காக மாத்திக் கூப்பிடாத தாயி, காதுக்கு என்னமோ போல இருக்கு" என்று சொன்ன பிறகுதான் பெயர் திரும்பி வந்தது. தாத்தாவோடும் அப்பாவோடும் ஒப்பிட்டால் நாங்கள் ரொம்ப தூரம் வந்துவிட்டோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டியின் வார்த்தையை அப்பாவின் பதிலோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது எது என்று புரிந்தது. அன்று காம்பவுண்டுக்காரர்கள் பார்த்திருந்தால், அப்பா பாவம், அம்மா கெட்டவள். இன்று ஆன்ட்டி பார்த்தால், நான் தங்கம், என் மனைவி கொடுத்து வைத்தவள். வசவு வாழ்த்தாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆண் துவைத்தாலும் சமைத்தாலும் அந்தப் பற்று இன்னும் அவள் பெயரில்தான் எழுதப்படுகிறது. அன்று பழியாக, இன்று கடனாக. சமம் என்று நாம் பேசுவது இந்தக் கணக்குப் புத்தகம் கிழிந்த பிறகு வருவது என்று இப்போது நினைக்கிறேன். அது இன்னும் கிழியவில்லை.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. 2019-ல் எடுத்தபோது, ஒரு நாளில் கூலி இல்லாத வீட்டு வேலை ஏதாவது செய்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இந்தியா முழுமைக்குமான எண்கள்தான் இவை. என்றாலும் அந்த 97 நிமிடம் ஐந்து வருஷத்தில் 88 ஆகியிருப்பதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பாராட்டுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

நிமிடக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. அப்பத்தாவுக்கு மூன்று வகைச் சொட்டு மருந்து. ஒன்று நாளுக்கு ஆறு வேளை, ஒன்று நாலு, இன்னொன்று ராத்திரி மட்டும். முதல் மருந்து வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைந்துகொண்டே வரும். மருந்து விட்டது முழுக்க நான். அதில் எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. ஒருநாள் அவள் ஆபீஸிலிருந்து வரத் தாமதமானது, சாயங்கால வேளை தவறிவிட்டது. ஏன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு வேளையும் மணி அடித்தது அவள் போனில். "டைம் ஆச்சு" என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் போய் விட்டிருக்கிறேன். அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டியது அவள், எந்த வாரம் எத்தனை வேளை குறையும் என்று தலைக்குள் வைத்திருந்தது அவள், ஒரு குப்பி தீர்வதற்கு முன் இன்னொன்று வாங்கி வைத்தது அவள். தாத்தா 'தாரு' என்று குரல் கொடுத்தபோது தார் தயாராக இருந்தது. எனக்குக் குரல் கொடுக்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லா மணிகளையும் என் போனுக்கு மாற்றினேன். அவள் போனில் இருந்ததை அவளையே அழிக்கச் சொன்னேன். "நெஜமாவே அழிச்சிடவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அழித்த பிறகும் ஒரு வாரத்துக்கு மத்தியானத்தில், "ஒரு மணி மருந்து விட்டியா?" என்று ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் சுமந்ததை ஒரே நாளில் இறக்கி வைத்துவிட முடியவில்லை அவளால். என்னை நம்ப அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது என்றும் சொல்லலாம்.

வெளியுலகத்திலும் அந்தக் கணக்கு மெதுவாகத் திருத்தப்படுகிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பை அப்பத்தாவுக்குச் சொன்னேன். புருஷன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்து, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள், அவள் பார்த்துக்கொண்டதால்தான் அவனால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுக்கும் சரிபாதி பங்கு என்ற தீர்ப்பு. "நெசவாளி வீட்டுல இதை எவனாவது அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். அதே வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்ததே, அதன் பெயரை மட்டும் அவர் மெச்சினார். உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது அவருக்குப் பிடித்திருந்தது. அவருக்கு அது வருவதில்லை. அப்பாவுக்கு பென்ஷன் வருகிறதே.

இனி சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல் தடவை போனபோது, பதிவு செய்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கணவர் பேரு சொல்லுங்கம்மா" என்றாள். அப்பத்தா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். அதற்குள் இத்தனை மத்தியானங்கள் கடந்திருந்தன, இத்தனை பேசியிருந்தோம். அதே பெண் சரிபார்ப்பதற்காக மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அப்பத்தாவே சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், அதற்காகவே பேசாமல் நின்றேன். அப்பத்தா திரும்பி என்னைப் பார்த்தார். புதுக் கண்ணில் என்னைத் தெளிவாகவே பார்த்தார். நான்தான் சொன்னேன்.

ஆட்டோவில் வரும்போது கேட்டுவிட்டேன். இன்னுமா அப்பத்தா, தாத்தா போயே பதினாறு வருஷம் ஆச்சே, இனி யார் ஆயுசு குறையப்போகுது என்றேன். கொஞ்சம் உரிமையோடு, கொஞ்சம் ஏமாற்றத்தோடும் கேட்டேன். அவர் முந்தானையால் கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயுசுக்குப் பயந்தா சொல்லாம இருக்கேன்? ஊரைக் கூட்டி வச்சு, எங்கம்மா காதைப் பொத்திக்கிட்டு நிக்க, மைக்குல சொன்ன பேருய்யா அது. அதைப் போயி அந்தச் சீட்டெழுதற எடத்துல சொல்லவா?"

அதனால் நானும் இதில் தாத்தாவின் பெயரை எழுதவில்லை.